கோர்தோபாவில் மேற்கு

பிப்ரவரி 22, புதன்

மாட்ரிட்டிலிருந்து ரயில் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மரியம் நிலையத்தில் காத்திருந்தாள். அம்மா ஜெசிந்தாவின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் மகளின் முகம் மாறியது. சட்டென்று குனிந்து, "வாப்பா, பெட்டிய நான் தூக்குறேன்" என்றாள் என்னிடம். நிமிர்ந்தபோது சரியாகிவிட்டிருந்தாள்.

அவள் குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. இரண்டு படுக்கையறைகள், சமையலறையும் சேர்ந்த ஒரு முன்னறை. எங்களுக்குக் கொடுத்த அறையில் பெரிய ஜன்னல். ஜெசிந்தா பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பனிமய மாதா படத்தை எடுத்து அந்த ஜன்னல் திட்டில் வைத்தாள்.

மாலையில் முன்னறையிலிருந்து பார்த்தேன். சூரியன் எதிர்க் கட்டடத்தின் பின்னால், அறைக்குள் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் சுவர்ப் பக்கமாக இறங்கியது. ஆக, மேற்கு அது. குறித்துக்கொண்டேன்.

ஜெசிந்தாவுக்கு அடுத்த ஸ்கேன் மார்ச் 20, சென்னையில். "அதுவரைக்கும் பிடிச்சதச் சாப்பிடுங்க, பிடிச்ச இடத்துக்குப் போங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை எந்தத் தொனியில் சொன்னார் என்பதில் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

பிப்ரவரி 23, வியாழன்

அதிகாலையில் எழுந்து முன்னறையில் சிறிது நேரம் இருந்தேன். தரை பனிக்கட்டிபோல் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஆவுடைநாயகம் பேசினார். என்னோடு வேலை பார்த்தவர், இப்போது வார இதழ் ஒன்றுக்கு ஆசிரியர். "மொகுதூம், கோர்தோபாவிலயா இருக்கீரு? பள்ளிவாசலச் சர்ச்சா மாத்துனாங்கள்லா, அதப் பத்தி எழுதும். யாரு கட்டுனா, யாரு இடிச்சா, நறுக்குன்னு வேணும்" என்றார். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். "ரிட்டயர் ஆனப்புறமும் உங்களுக்கு லைன் வருதே. ஆபரேட்டருக்குத்தான் வேல போச்சு" என்றாள்.

தூத்துக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இவள் ஆபரேட்டராக இருந்தாள். மாவட்ட நிருபரான நான் மதுரை அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டுச் செய்தியை வரிவரியாகச் சொல்ல, அந்த முனையில் ஒருவர் எழுதிக்கொள்வார். மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் ஒரு பெண் குரல் வரும்: "மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணவா?" நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பண்ணும்மா. லைன் கட்டாகாம மட்டும் பாத்துக்க." முகம் பார்க்கும் முன் இரண்டு வருடம் இதுதான் எங்கள் பேச்சு. பதிவுத் திருமணம். அவள் மாதா கோயிலுக்குப் போவதை நான் தடுத்ததில்லை. என்னைத் தொழச் சொல்ல அவளும் மறந்ததில்லை. நான்தான் ரமலான் மாதம் தவிர மற்ற நாட்களில் செய்தியைச் சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

மூவரும் போனோம். மரியம் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள்.

ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் முற்றம். ஒரு காலத்தில் தொழுகைக்கு வருகிறவர்கள் கைகால் கழுவிய இடம். உள்ளே போனால் தூண்கள். எண்ணூறுக்கும் மேல் என்கிறார்கள். மேலே சிவப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் இரட்டை வளைவுகள். ஒரு தூண்போல் இன்னொன்று இல்லை. பலவற்றைப் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். குட்டையான தூணுக்கு உயரமான பீடம் வைத்து, உயரமானதைத் தரைக்குள் இறக்கிச் சமப்படுத்தியிருக்கிறார்கள்.

தூண்களுக்கிடையே நடந்துகொண்டே போனால் நட்டநடுவில் தலைக்குமேல் கூரை திடீரென்று எழும்புகிறது. வெண்சுதையும் பொன்னுமாக ஒரு பேராலயம், பள்ளிவாசலின் வயிற்றுக்குள். ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிருக்கான்" என்றாள்.

"ம்."

"நம்ம முதல் வாடகை வீடு மாதிரி."

அந்த வீடு ஒரே அறை. ரமலானில் நான் மேற்கே பார்த்துத் தொழும் நேரமும் அவள் கிழக்குச் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தின் முன் செபமாலை சொல்லும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடும். நான் குனிந்தால் அவள் முதுகில் இடிப்பேன்.

தெற்குச் சுவரில் மிஹ்ராப் இருக்கிறது, தொழுகையின் திசையைக் காட்டும் மாடம். பொன்னும் நீலமுமான சிறுகற்களால் எழுத்து. கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தேன். வேறு மதத்தவர் இங்கே வழிபடக் கூடாது என்பது விதி. காவலர் ஒருவர் என்னையே கவனித்தார். கை குளிர்ந்தது, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 25, சனி

முழங்கால் வலி. மரியம் தைலம் தந்தாள். எதனால் என்று கேட்டாள். படியேறியதால் என்றேன். லிஃப்ட் இருக்கும் வீட்டில் இது நல்ல பதில் இல்லை.

பிப்ரவரி 27, திங்கள்

கீழே தெருமுனையில் மொராக்கோக்காரர் இத்ரீஸின் காய்கறிக் கடை. மல்லித்தழையும் புதினாவும் அங்கேதான் கிடைக்கும். ஜெசிந்தா தினமும் தானே போய் வருகிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் ஆகிறது. இன்று திரும்பி வந்தவள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தாள். பிறகு முன்னறைக்கு வந்து துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவதுபோல் இருந்தது. என்ன என்றேன். "ஒண்ணுமில்ல, நல்ல மிஷினு" என்றாள்.

மதியம் சாப்பிட்டபின் தொடங்கினாள்.

"என்னங்க, ஒண்ணு பேசணும்."

"சொல்லு."

"நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா..."

மரியத்தின் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. எழுந்து கழுவினேன். இந்த ஊர்க் குழாயில் வெந்நீர் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. எல்லாவற்றையும் துடைத்து அடுக்கி முடிப்பதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

கட்டுரைக்கு எடுத்த குறிப்பு: கட்டத் தொடங்கியது எட்டாம் நூற்றாண்டின் கடைசியில். இருநூறு ஆண்டுகளில் மூன்று முறை பெரிதாக்கினார்கள். 1236-இல் கிறிஸ்தவரான கஸ்தீல் மன்னர் ஊரைப் பிடித்ததும் பள்ளிவாசலைப் பேராலயமாகப் புனிதப்படுத்தினார்கள். இடிக்கவில்லை. ஓரங்களில் சிற்றாலயங்கள் வைத்தார்கள், சில மாற்றங்கள் செய்தார்கள், அவ்வளவுதான். அதே தூண்களுக்கு நடுவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பூசை நடந்தது. ஆவுடைநாயகம் கேட்கும் "நறுக்" இதில் இல்லை.

மார்ச் 1, புதன்

சாம்பல் புதன். ஜெசிந்தா பேராலயத்துக்குப் போனாள். நான் வெளியே ஆரஞ்சு மரத்தடியில் காத்திருந்தேன். நெற்றியில் சாம்பலோடு வந்தாள். "மண்ணா இருக்க, மண்ணாத்தான் போவன்னு ஸ்பானிஷ்ல சொன்னாரு. அது எந்த பாஷைலயும் புரியும்" என்றாள்.

குளிர்காற்று அடித்தது. தலைத்துணியைச் சரிசெய்து கட்டிவிட்டேன். சாம்பல் என் விரலில் ஒட்டியது.

"இப்பவாவது நான் பேசலாமா?"

"முதல்ல ஏதாவது சூடாக் குடி" என்றேன். காப்பிக்கடை பக்கத்திலேயே இருந்தது.

மார்ச் 4, சனி

காயல்பட்டினத்திலிருந்து காக்கா பேசினார். அண்ணனிடமிருந்து போன் வருவது அபூர்வம். திருமணத்துக்குப் பிறகு பத்து வருடம் என்னோடு பேசாமல் இருந்தவர், வயதானபின் இளகிவிட்டார்.

"ஜமாஅத்துல பேசிட்டேன் தம்பி. அந்தப் புள்ள கலிமா சொல்லிட்டா ஒரு கஷ்டமும் இல்ல. வாப்பா பக்கத்துலயே எடமிருக்கு. ரெண்டு பேரும் ஒரே மையவாடில இருக்கலாம்."

ஜெசிந்தா இஸ்லாத்துக்கு மாறினால் எங்கள் அடக்கத் தலத்தில் இடம் தருவார்கள். அன்பாகத்தான் சொன்னார். "இங்க சிக்னல் சரியில்ல காக்கா" என்றேன்.

அடுத்த அறையில் ஜெசிந்தா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். காக்காவின் குரல் எப்போதும் உரக்க இருக்கும்.

குறிப்பு: 1523-இல் ஆயர், பள்ளிவாசலின் நடுப்பகுதியைப் பிரித்துப் பெரிய ஆலயம் எழுப்ப முடிவு செய்தார். எதிர்த்தது யார்? ஊர்ச் சபை. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இப்படி ஒரு கட்டடம் உலகில் வேறில்லை, இடித்தால் திரும்பக் கட்ட முடியாது என்றார்கள். அங்கே வேலைக்குப் போகும் கொத்தனுக்கு மரண தண்டனை என்று பறையறைந்தார்கள். வழக்குப் பேரரசரிடம் போனது. அவர் ஆயர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிற்பாடு நேரில் வந்து பார்த்துவிட்டு வருந்தினார் என்று ஒரு வசனம் சொல்கிறார்கள். அதை அவர் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை. சேர்க்கப்போவதில்லை. கட்டி முடிக்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

மார்ச் 6, திங்கள்

மழை. எங்கும் போகவில்லை.

மார்ச் 8, புதன்

மணிக்கோபுரத்தைப் பார்க்க மூவரும் போனோம். பழைய மினாராவை இடித்துத் தள்ளாமல் அதைச் சுற்றியே கல் எழுப்பிக் கோபுரம் ஆக்கியிருக்கிறார்கள். மணிகளுக்குக் கீழே, சுவருக்குள் சுவராக, பாங்கு சொன்ன மேடையின் மிச்சம் இன்னும் நிற்கிறது. மேலே ஏற வேண்டாம், கீழிருந்தே பார்ப்போம் என்று பேசிவைத்திருந்தோம்.

முற்றத்தில் ஜெசிந்தா நீரூற்றின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். மரியம் காரை எடுத்துவர ஓடினாள். ஜெசிந்தாவின் கை என் கைக்குள் இருந்தது. நாடித்துடிப்பு வேகமாக, ஆனால் ஒழுங்காக இருந்தது.

"பயப்படாதீங்க, களைப்புதான்" என்றாள்.

நான் பயப்படவில்லை என்றேன். தண்ணீர்க் குப்பியின் மூடி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

மாலையிலும் முன்னறையில் இருந்தேன். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம்.

மார்ச் 9, வியாழன்

பக்கத்து மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். ரத்தசோகைதான், பயணம் செய்யலாம் என்றார்கள். மாதுளை, ஈரல் சாப்பிடச் சொன்னார்கள். இத்ரீஸ் தன் கடையில் இருந்ததிலேயே பெரிய மாதுளைகளைப் பொறுக்கித் தந்தார்.

கட்டுரையின் முதல் பத்தி வரவில்லை. இரண்டு முறை தொடங்கி அடித்துவிட்டேன். "இடித்தார்கள்" என்று தொடங்கினாலும் "காத்தார்கள்" என்று தொடங்கினாலும் பாதி உண்மைதான் வருகிறது.

மார்ச் 11, சனி

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

காலையில் கூட்டம் சேரும் முன்பே ஜெசிந்தாவும் நானும் பேராலயத்துக்குப் போய்விட்டோம். நடுவில் இருக்கும் ஆலயத்தின் மர பெஞ்சில், பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தோம். பூசைக்கு இன்னும் நேரமிருந்தது. அவள் செபமாலையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, காலைல முன்னறைல எந்தப் பக்கம் பாத்துத் தொழுறீங்க?"

நான் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சொல்லுங்க ரிப்போர்ட்டரே. வந்த மறுநாள்லேருந்து நடக்குது. ஈரத் துண்டு, முழங்கால் வலி, மிஷின் முன்னாடி விரிப்பு கசங்கிக் கெடக்கு. ஒரு வீட்டுக்குள்ள எத்தன நாளைக்கு மறைப்பீங்க?"

"மேற்கே பார்த்துத்தான்" என்றேன்.

"மக்கா எங்க இருக்கு?"

"மேற்கே..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

பிறந்ததிலிருந்து தொழுகை என்றால் மேற்கு. பள்ளிவாசலில் மேற்கு, வீட்டில் மேற்கு, மையவாடியிலும் முகத்தை மேற்கே திருப்பித்தான் வைப்பார்கள். நம் ஊரிலிருந்து மக்கா மேற்கே இருப்பதால் அது மேற்கு என்பதை நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. விமானம் அரபு நாட்டைத் தாண்டி, கடலைத் தாண்டி இத்தனை தூரம் வந்து இறக்கிவிட்டிருக்கிறது. ஒரு வரி செய்தியை மூன்று இடங்களில் விசாரிக்காமல் அனுப்பாதவன் நான்.

"இங்கேருந்து கிழக்க" என்றாள் ஜெசிந்தா. "இத்ரீஸ் கடைக்குள்ள தொழுறதப் பாத்தேன். சூரியன் வர்ற பக்கம் நிக்காரு. அன்னிக்கே புரிஞ்சிட்டு. நீங்க ரெண்டு வாரமா வாஷிங் மிஷினப் பாத்துத் தொழுதுட்டு இருக்கீங்க."

அவளுக்குச் சிரிப்பு தாளவில்லை. தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து இருமல் வந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"சொன்னா வெக்கப்பட்டு நிறுத்திருவீங்க. வருஷம் முழுக்கத் தொழாத மனுஷன் எனக்காகத் திருட்டுத்தனமா எந்திரிச்சுத் தொழுறாரு. அதப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு இருந்தேன்."

பிறகு என் கையைத் தட்டினாள்.

"கவலப்படாதீங்க. இந்தப் பள்ளிவாசலே தெக்க பாத்துத்தான் இருக்குன்னு மரியம் சொன்னா. ஊரே நானூத்தம்பது வருஷம் அந்தப் பக்கம் பாத்துத் தொழுதிருக்கு. அதக் கேட்டவன் உங்களதயும் கேட்டிருப்பான்."

அது உண்மை. மிஹ்ராப் தென்கிழக்கைவிடவும் அதிகமாகத் தெற்கே திரும்பியிருக்கிறது. ஏன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் உடன்பாடு இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பீடமோ கிழக்கிலிருந்து சற்றே வடக்கே திரும்பியிருக்கிறது. வரைபடத்தை எடுத்து விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். மக்கா இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறையச் சரிபாதியில் வருகிறது.

"பாத்தீங்களா. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எதுக்குத் தொழுறீங்கன்னு தெரியும். என்கிட்ட எதுக்கு மறைச்சீங்கன்னும் தெரியும். நீங்க பயப்படுறது தெரிஞ்சா நான் பயந்துருவேன்னு நெனச்சீங்க. எனக்குச் சாவப் பத்திக்கூட அவ்வளவு பயமில்ல. நீங்க பேசவிடாமலே என்னய அனுப்பிருவீங்களோன்னுதான் பயம்."

பூசைக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். நானும் அவளோடு எழுந்து நின்றேன்.

மார்ச் 12, ஞாயிறு

விடியுமுன் விரிப்பை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கே வந்தேன். ஜன்னல் பக்கம் விரித்தேன். அதுதான் கிழக்கு. ஜெசிந்தா முன்பே எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து மாதா படத்தின் முன் செபமாலையைத் தொடங்கியிருந்தாள். படம் எனக்கு நேரெதிரில் வந்தது. நான் தயங்குவதைப் பார்த்து, அதைத் திட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்தி வைத்தாள். நாற்காலியையும் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் வாடகை வீட்டில் முதுகோடு முதுகு. இன்று தோளுக்குத் தோள்.

தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்க இடப்பக்கம் முகத்தைத் திருப்பியபோது அவள் இருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, திங்கள்

நாளை புறப்பாடு. பெட்டி கட்டியாயிற்று. இத்ரீஸிடம் விடைபெற்றோம். அவர் ஜெசிந்தாவுக்கு ஒரு கட்டுப் புதினா கொடுத்தார். விமானத்தில் ஏற்றுவார்களா என்று தெரியவில்லை.

மதியம் மரியம் வேலைக்குப் போயிருந்தாள். கடைசியாக ஒருமுறை பேராலய முற்றத்துக்குப் போனோம். ஆரஞ்சு மரங்களில் முதல் பூக்கள் வந்திருக்கின்றன. கல்பெஞ்சில் உட்கார்ந்ததும் பையிலிருந்து இந்த நாட்குறிப்பையும் பேனாவையும் எடுத்தேன்.

"கட்டுரையா?" என்றாள்.

"இல்ல. நீ சொல்லு. நான் எழுதிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் அந்தக் காலத்தில் மதுரைக்குச் சொன்னதுபோலவே நிறுத்தி நிறுத்தி, வாக்கியம் முடிந்தால் 'புள்ளி' என்றும் சேர்த்துச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தூத்துக்குடில எங்கம்மா கல்லறைல என்னய வைக்கணும். புள்ளி. உங்க காக்காவுக்கு என் நன்றியச் சொல்லணும், நல்ல மனசுல கேட்டாரு. ஆனா நான் கலிமா சொல்ல மாட்டேன். புள்ளி. நீங்களும் எனக்காக ஞானஸ்நானம் வாங்கக் கூடாது. உங்களுக்குக் காயல்பட்டினம், உங்க வாப்பா பக்கத்துல. புள்ளி."

"ரெண்டு ஊரு" என்றேன்.

"ரெண்டு ஊருதான். குறுக்கப் பேசாம எழுதுங்க. நீங்க அங்க மேற்க பாத்து இருப்பீங்க. நான் தூத்துக்குடில கிழக்க பாத்து. முதல் வீட்டுல அப்படித்தானே இருந்தோம், அதுல என்ன கொறஞ்சு போச்சு? புள்ளி."

எழுதினேன்.

"அடக்கப் பூசைல நீங்க வாசல்ல நிக்கக் கூடாது. பெட்டி பக்கத்துல நிக்கணும். முதல் பிடி மண்ணு உங்க கையால போடணும். அப்புறம் வீட்டுக்கு வந்து தொழணும். அங்க மேற்கதான், சரியாப் பாத்துக்கிடுங்க."

வாசித்துக் காட்டச் சொன்னாள். செய்தி சொல்லி முடித்ததும் திரும்ப வாசிக்கச் சொல்வது என் வழக்கம். அதையும் அவள் மறக்கவில்லை. வாசித்தேன். 'முதல் பிடி மண்' என்ற இடத்தில் நிறுத்தினேன். பேனாவை மூடினேன், திறந்தேன். எங்கள் காலடியில் பூ ஒன்று விழுந்தது. கோபுரத்தில் மணி அடித்து ஓயும்வரை அப்படியே இருந்தேன்.

அவள் என் தோளோடு தோளைச் சாய்த்தாள். ரொம்ப நாள் கேட்காத அந்த எக்ஸ்சேஞ்சுக் குரலில் கேட்டாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. எக்ஸ்டெண்ட் பண்ணவா?"

"பண்ணும்மா" என்றேன். "லைன் கட்டாகாம மட்டும் பாத்துக்க."